பதினாறாம் கட்டை லயம்

அறிவித்தலை ஒட்ட வந்தவர்கள் கதவைத் தட்டவில்லை. மற்றப் பதினொரு வீடும் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், ஏழாம் நம்பரிலும் ஆள் இருக்காது என்று நினைத்திருப்பார்கள். அஞ்சலா பின்பக்கம் சிவப்பரிசி மா வறுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வந்தபோது கதவில் பசை ஈரம் காயாமல் ஒரு தாள். மேலே சிங்களம், கீழே தமிழ், அடியில் முத்திரை. பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி. மற்ற வீடுகளின் சுவரிலும் அதே குறி இருந்தது.

நின்று இரண்டு தரம் வாசித்தாள். பிறகு உள்ளே போய், வறுத்த மாவை அரித்து, கொதிநீர் ஊற்றிப் பிசைந்தாள். நாலரைக்கு ஸக்கரியாவின் கடைக்கு இருநூறு இடியப்பம் போயாக வேண்டும். உரலை அழுத்தும்போது வலது தோள் வலித்தது. அந்த வலி ஐந்தாறு வருடமாக இருக்கிறது.

கோப்பி ஏற்றுவதற்காக வெள்ளைக்காரர்கள் கண்டியிலிருந்து மாத்தளைக்குத் தண்டவாளம் போட்ட காலத்தில் பதினாறாம் மைல் கட்டையில் கட்டிய வரிசை வீடுகள்தான் அந்த லயம். கட்டிய என்ஜினியர் துரை, தன் நாட்டில் ரயில் கம்பெனி தன் ஆட்களுக்கென்றே எழுப்பிய ஊர் ஒன்றில் பிறந்தவர் என்று சொல்வார்கள். அந்த ஊர் ஞாபகத்தில்தான் இங்கேயும் கருங்கல் அத்திவாரம் போட்டார், வீட்டு இலக்கத்துக்கு இரும்புத் தகடு அடித்தார், ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் பாய் அகலத்துக்கு ஒரு பூந்தோட்டம் விட்டார். நடுவில் வாசிப்பறை என்று ஒரு கட்டடம் கூட இருந்தது. இந்தியாவிலிருந்து சல்லிக்கல் கொத்த வந்தவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதில் அந்தோனியார் சுரூபத்தை வைத்துக் கோயிலாக்கிக்கொண்டார்கள். பூந்தோட்டத்தில் மிளகாயும் வல்லாரையும் போட்டார்கள்.

அஞ்சலாவின் தகப்பன் ரபாயேல், லைன் வேலை ஆட்களுக்குத் தலைவனான கேங் கங்காணி. பொழுது விடிந்ததும் பன்னிரண்டு ஆம்பளைகள் சம்மட்டியும் ஸ்பேனருமாக லைனில் இறங்குவார்கள். கழன்ற ஆணியை முடுக்கி, உளுத்த சிலிப்பர் கட்டையைப் புரட்டி, மண் சரிந்த இடத்தை வழித்துக்கொண்டு உக்குவளைப் பக்கமாக நடப்பார்கள். சோறு பொம்பிளைகளின் தலையில் பின்னால் போகும். ஜூன் மாதம் அந்தோனியார் பெருநாளன்று மாத்தளைக்கு வரும் ட்ரைவர்மார் லயத்தைத் தாண்டும்வரை விசில் கயிற்றை விடமாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் தேர் கிளம்பும்.

தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போனவர்கள் திரும்பவில்லை. மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள் கொழும்புக்கும் குவைத்துக்கும் போனார்கள். கட்டைக்குப் பதிலாகக் கொங்கிரீட் வந்தது, கேங்குக்குப் பதிலாக லொறியில் கொந்தராத்து ஆட்கள் வந்தார்கள். ரபாயேல் செத்துப் பதினான்கு வருடம். அவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் அஞ்சலா கல்யாணம் முடிக்கவில்லை. இப்போது அறுபத்திரண்டு வயது. ஒரு நாளில் அவள் பேசும் பேச்செல்லாம் கடையில் இடியப்பத் தட்டை இறக்கி வைக்கும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அன்றைக்குத் தட்டோடு தாளையும் கொண்டுபோனாள். ரயில் கடவைக்குக் கீழே தேத்தண்ணிக் கடை. ஸக்கரியாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய வாப்பா போட்ட கடை, அவர் பிறந்ததும் அதன் பின்னறையில். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஆளில்லாத வீட்டையெல்லாம் ஒடைச்சி ஸ்டோர் கட்டப் போறாங்களாம்."

"அது வெளங்கிச்சி நானா. அடுத்தது?"

"பரம்பரையா ஈக்கிற ஆள்னு காட்டினா வீட்டுக்கு அனுமதிப்பத்திரம் குடுப்பாங்களாம். ஒங்களோட ஒரே காலத்துல அங்கன ஈந்த ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து வைக்கணும். இருபத்தொரு நாள்தான் டைம்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு நான் வைக்கிறேன் புள்ள. அதுக்கு யோசிக்காதீங்க."

"மத்தது?"

இருவரும் வீடு வீடாக யோசித்துப் பார்த்தார்கள். சவரிமுத்து இல்லை. தொம்மையின் மகன் கனடாவில், விலாசம் தெரியாது. மூன்றாம் நம்பரில் இருந்த செபமாலைக்குப் பக்கவாதம், பேச்சு இல்லை. ஸக்கரியாவின் மருமகன் பஸ்லி பின்னால் மரக்கறிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"ரோஸ்லின் ஈக்கி" என்றார் ஸக்கரியா.

அஞ்சலா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தினாள்.

"எங்க?"

"கலேவெலயில. பஸ்லி வெங்காயம் எடுக்கப் போற எடத்துல. பதினாறு வருசமா எனக்குத் தெரியும். ஒங்க வாப்பாக்காகத்தான் சொல்லல. அவரு போன பொறகு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

ரோஸ்லின் தங்கச்சி. மூன்று வயது இளையவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் லயத்து ஆட்களைச் சாமான் ரயில் பெட்டிக்குள் ஒளித்துப் பூட்டி, வெளியே இரண்டு பகல் காவல் நின்றவன் ஜயசேன. சிக்னல் வேலைக்குத் தற்காலிகமாக வந்த சிங்களப் பொடியன். அடுத்த வருடம் ரோஸ்லின் அவனோடு போய்விட்டாள். ரபாயேல் அவன் கொண்டுவந்த பாண் ரொட்டியைத் தின்றவர்தான். ஆனாலும், "எனக்கு ஒரே மக" என்று சொல்லிவிட்டு அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

*

செப்டெம்பர் கடைசி. நாலந்தா தாண்டியதும் காற்றில் ஈரம் அற்றுப்போனது. தம்புள்ளையில் இறங்கி, குருநாகல் பஸ்ஸில் ஏறி, கலேவெலயில் இறங்கும்போது பகல் பதினொன்று. பஸ்லி எழுதிக் கொடுத்த தாளைக் காட்டிக் காட்டி ஒன்றரைக் கட்டைத் தூரம் நடந்தாள். வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது. வாசல்களில் பெரிய வெங்காயம் மலை மலையாகக் குவிந்திருந்தது.

அந்த வீட்டு வாசலில் ஒரு இளம் பெண்ணும், நரைத்த கொண்டை போட்ட ஒருத்தியும் சாக்கில் உட்கார்ந்து வெங்காயத் தாளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நரைத்தவள் நிமிர்ந்தாள். கத்தி அவள் கையிலேயே நின்றது.

"கவுத அம்மே?" என்று இளையவள் கேட்டாள். யாரென்று.

ரோஸ்லின் எழுந்து சீலையை உதறினாள். சிங்களத்தில் சொன்னாள்: "மாத்தளையில் எனக்குத் தெரிந்தவங்க, ஷெனாலி. சின்ன வயதில் ஒரே இடத்தில் வேலை செய்தோம். நீ தேத்தண்ணி ஊற்று."

அஞ்சலாவும் சிங்களத்தில், "ஆமாம் மகள், இந்தப் பக்கம் ஒரு அலுவலாக வந்தேன்" என்றாள். அது தானாக வாயில் வந்தது.

தேத்தண்ணி குடிக்கும்வரை மழை வராததைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு ரோஸ்லின், கறிமிளகாய்ப் பாத்தியைக் காட்டுவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா?" என்றாள்.

"பதினாலு வருசம் ஆச்சி. நெஞ்சுல சளி."

"கஷ்டப்பட்டாரா?"

"ஒரு மாசம். கடைசியில ஆளு தெரியல."

"என்னயக் கேட்டாரா?"

அஞ்சலா பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். "இல்ல" என்றாள்.

ரோஸ்லின் தலையாட்டினாள். "எனக்குத் தமிழ் வாயில வர மாட்டேங்குது. ஒன்னயப் பாத்ததும் வருது. நாப்பது வருசமா கனவுல மட்டுந்தான் பேசுவேன், அம்மாவோட." கயிற்றை விட்டாள். "மூணு கடுதாசி போட்டேன். மூணும் திரும்பி வந்திச்சி. 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை'ன்னு எழுதி. அப்பாவுக்கு எழுதத் தெரியாது."

"நாந்தான் எழுதுனேன்."

"தெரியும். ஒங் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"எழுதலேன்னா அவரு சோறு திங்க மாட்டேன்னு ஒக்காந்துட்டாரு ரோஸி."

"மூணு தரமுமா?"

ஒரு கொக்கு வந்து பாத்தியில் இறங்கி நடந்தது. அஞ்சலா பையிலிருந்து அறிவித்தலை எடுத்து விரித்துக் காட்டி, வந்த காரியத்தைச் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. நாற்பது வருடம் கழித்து வந்து கேட்பது ஒரு கையெழுத்து.

"அதுல என்னா எழுதணும்?"

"ஒம் பேரு. அப்பா பேரு. பொறந்த எடம்."

ரோஸ்லின் சிரிப்பது போல் ஒரு சத்தம் செய்தாள். "எம் பேரு மாத்தவே தேவப்படல, அக்கா. ரோஸ்லின்னு சிங்கள ஆக்களும் வைக்கிறாங்க. அப்பாவ மட்டுந்தான் மாத்துனோம். ரபியேல் பெரேரா. நீர்கொழும்புச் சிங்கள ஆளு. எனக்குச் சின்ன வயசுலயே செத்துட்டாருன்னு. கல்யாணப் பதிவுல வீட்டுக்காரரு எழுதுனாரு, நான் கையெழுத்து வச்சேன்."

"ஜயசேன இப்ப...?"

"நாலு வருசத்துக்கு முந்தி போயிட்டாரு. அவரு இருக்கிற வரைக்கும் இது தெரிஞ்ச ஆளு ஒண்ணு வீட்டுல இருந்திச்சி. இப்ப அதுவும் இல்ல."

"புள்ளைங்களுக்குத் தெரியாதா?"

"ஒரே மகன். கிரிஷாந்த. பத்தொம்பது வயசுல ஆமிக்குப் போனான். வேணாண்டான்னு அழுதேன். ஏம்மான்னு கேட்டான். என்னா சொல்ல? பன்னெண்டு வருசம் இருந்தான். வன்னியில கால்ல அடிபட்டுக் கெடந்தப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தேன். மயக்கத்துல அவனுக்குத் தமிழாளுங்க மேல வந்த ஏச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு, அவன் வாயத் தொடச்சி விட்டேன்." அவள் குரல் உயரவேயில்லை. "இப்ப போயி, மகனே நீ யாருன்னு தெரியுமான்னு கேக்கச் சொல்றியா? என்னால ஏலாது அக்கா."

"சரி" என்றாள் அஞ்சலா. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நான் கேட்டிருக்கக் கூடாது."

"நீ எங்க போவ?"

"பாப்போம்."

வாசலில் லொறிச் சத்தம் கேட்டது. இருவரும் சிங்களத்துக்கு மாறிக்கொண்டு நடந்தார்கள்.

கிரிஷாந்த வலது காலை இழுத்து நடந்து வந்தான். அஞ்சலா அவனுடைய காதுகளைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு நிற்கும் ரபாயேலின் காதுகள். சாப்பிடாமல் போகக்கூடாது என்றான். சிவப்புச் சோறும் பலாக்கொட்டைக் கறியும் நெத்தலிப் பொரியலும். ரோஸ்லின் தேங்காய்ச் சம்பலில் ஒரு துண்டு கொறுக்காய்ப் புளி சேர்த்திருந்தாள். லயத்தில் அம்மா அப்படித்தான் அரைப்பாள்.

வெயிலில் நடக்க வேண்டாம் என்று அவனே லொறியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டான். முன் இருக்கையில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மாவைச் சின்ன வயதில் தெரியும் என்றீர்களே நெந்தே" என்று அத்தை முறை வைத்துக் கேட்டான். "அம்மா எப்படி இருந்தாங்க? எங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டாங்க. சொந்தக்காரர் என்று ஒருத்தர்கூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை. என் கல்யாணத்தில் அம்மா பக்கத்து ஆட்கள் உட்காரும் கதிரையெல்லாம் வெறுமையாகக் கிடந்தது."

"நல்லாப் பாடுவாள்" என்றாள் அஞ்சலா.

"அம்மாவா? பாடி நான் கேட்டதே இல்லையே."

அவள் இறங்கும்போது ஐந்து கிலோ வெங்காயத்தைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். தம்புள்ளை வரையும் அந்தப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள்.

*

அறிவித்தல் போட்ட அரசாங்கக் கந்தோரில், வீட்டு அனுமதிப் பிரிவைப் பார்த்தவள் றிப்கா என்ற இளம் பெண். பொறுமையானவள். ஸக்கரியாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டாவது சாட்சி இல்லை என்றதும், பங்குக் கோயில் குடும்பப் பதிவுப் புத்தகத்தில் பிரதி எடுத்து வந்தாலும் போதும் என்றாள். அஞ்சலா அதற்காக இரண்டு நாள் அலைந்து, சாமியாரிடம் கெஞ்சிப் பிரதியை எடுத்துக்கொண்டு போனாள். றிப்கா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"பதினாறாம் கட்டை லயம், ஏழாம் நம்பர். இது போதும் அம்மா. ஆனா இதுல ரபாயேலுக்கு ரெண்டு மகள்னு இருக்கே. ரோஸ்லின் யாரு?"

"தங்கச்சி."

"உசிரோட இருக்காங்களா?"

அஞ்சலா மேசையில் கிடந்த முத்திரைக் கட்டையைப் பார்த்தாள்.

"அவங்களுக்கும் உரிமை இருக்கு, அதான் கேக்கிறேன். விலாசம் தந்தீங்கன்னா நாங்களே பதிவுத் தபால்ல ஒரு கடிதம் அனுப்புவோம். இன்னார் மகள் நீங்க, இந்த வீட்டுல உங்களுக்கு ஆட்சேபனை இருக்கான்னு கேட்டு. பதில் வந்தா சரி."

"விலாசம் தெரியாட்டி?"

"அப்படின்னா சத்தியக் கடதாசி. எந்த வருசத்துலருந்து தகவல் இல்ல, உசிரோட இருக்கிறதா தெரியலேன்னு நீதவான் முன்னால சொல்லணும். யோசிச்சிட்டு வெள்ளிக்கிழமை வாங்க."

அன்று மாலை கடையில் அதைச் சொன்னாள். பஸ்லி வெங்காயச் சாக்கை முதுகில் வைத்தபடி, கடிதம் என்றதுவரை கேட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனான்.

"கடிதம் போனா அந்த வீட்டுல யாரு கையில கெடைக்குமோ தெரியாது" என்றாள் அஞ்சலா. "மருமக பிரிக்கலாம். அவன் பிரிக்கலாம்."

"அப்ப பைபிள்ல கை வச்சிப் பொய் சொல்லப் போறீங்களா புள்ள?"

"வேற என்னா செய்ய நானா?"

ஸக்கரியா அவளுக்கு வைத்த தேத்தண்ணி ஆடை கட்டியது.

வெள்ளிக்கிழமை சமாதான நீதவான் முன்னால் நின்றாள். தமிழில் எழுதியதை அவளே உரத்து வாசிக்க வேண்டும் என்றார்கள். 'என் சகோதரி ரோஸ்லின் 1984 ஆம் ஆண்டு வீட்டைவிட்டுச் சென்றார். அதன் பின்னர் இன்றுவரை அவரைப் பற்றி எனக்கு எத்தகவலும் இல்லை. அவர் உயிருடன் இல்லை என்றே நம்புகிறேன்.' கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் தொடங்கினாள். துக்கம் என்று நினைத்து நீதவான் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

அந்த ஞாயிறு பூசைக்குப் போனாள். நற்கருணை நன்மை வாங்க எழும்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கடைசி வாங்குப் பலகையிலேயே இருந்துகொண்டாள்.

*

நவம்பர் முதல் கிழமை அனுமதிப்பத்திரம் வந்தது. அடுத்த கிழமை மெஷின் வந்தது. நூற்று நாற்பது வருடத்துச் சுவர்கள், இடிக்க ஒரு பகல் கூட ஆகவில்லை. கருங்கல் அத்திவாரம் மட்டும் அசையவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கோயிலாக இருந்த வாசிப்பறையும் போயிற்று. சுரூபத்தை அவள் முதலே தூக்கிவந்து வீட்டுக்குள் வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள் போனதில் ஏழாம் நம்பரின் சுவர்களில் பக்கத்து வீட்டுச் சாயம் வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் புகை படிந்த மஞ்சள். மழை நேராக அந்தச் சுவர்களில் அடித்தது. இரவில் சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை என்ற நினைப்பு வந்தால் எழும்பி விளக்கைப் போடுவாள்.

டிசெம்பரில் ஒரு பின்னேரம், உரலில் மாவை அடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். மாக்கையோடு எடுத்தாள்.

"அக்கா."

"ரோஸி? என்னா, யாருக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல. பஸ்லிகிட்ட நம்பர் வாங்குனேன். வீடு கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சி."

"அப்ப எனக்குக் கடுதாசி?"

"என்னா கடுதாசி?"

"கந்தோருலருந்து எனக்கு ஒரு கடுதாசி வரும்னு பஸ்லி சொன்னான். ரபாயேல் மகள்னு பேரு போட்டு." மூச்சு வாங்கினாள். "ரெண்டு மாசமா தபால்காரன் வார நேரம் கேட்டுலயே நிக்கிறேன் அக்கா. மொதல்ல, வந்தா ஒளிச்சிரணும்னுதான் நின்னேன். பொறகு... வந்தா அவன் கையில குடுத்திரலாம்னு தோணிச்சி. எனக்கு வாயால சொல்ல ஏலாது. கடுதாசி சொல்லிரும்ல."

அஞ்சலா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"வராது ரோஸி."

"ஏன்?"

"நீ உசிரோட இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒனக்காகத்தான். பைபிள்ல கை வச்சி."

அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரிப்பது கேட்டது. தூரத்தில் யாரோ லொறிக் கதவைச் சாத்தினார்கள்.

"நாலாவது தரம்" என்றாள் ரோஸ்லின்.

"மன்னிச்சிரு."

"கோவமில்ல அக்கா. நீ வேற என்னா செய்வ."

அப்போது போனுக்கு அப்பால் ஆண் குரல் ஒன்று சிங்களத்தில் கேட்டது. யாரோடு அம்மா பேசுகிறீர்கள், அது என்ன பாஷை? அஞ்சலா போனைக் காதோடு அழுத்தினாள். ரோஸ்லின் இப்போது ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், வைத்துவிடுவாள், இந்த நம்பர் இனி அடிக்காது என்று காத்திருந்தாள்.

"மகே அக்கா" என்றாள் ரோஸ்லின். என் அக்கா.

இன்னும் ஏதோ சொன்னாள், நீளமாக, அழுகையினூடே. அஞ்சலாவுக்கு வார்த்தை பிடிபடவில்லை. போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு அவனுடைய மூச்சு.

"ஹலோ" என்றான். "யார் நீங்கள்?"

உரலில் மா இறுகிக்கொண்டிருந்தது. அவள் சிங்களத்தில், கந்தோரில் சொன்ன அதே ஒழுங்கில் சொன்னாள்: "அஞ்சலா. கேங் கங்காணி ரபாயேலின் மூத்த மகள். மாத்தளை, பதினாறாம் கட்டை லயம், ஏழாம் நம்பர்." கொஞ்சம் பொறுத்து, "உங்கள் அம்மா பிறந்ததும் இந்த வீட்டில்தான், மகன்" என்றாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிடமோ, அதற்கும் மேலோ. போனை வைக்கவும் இல்லை.